ரோட்டுக்கு அந்தாண்ட

சாலையைக் கடப்பது என்று தனியாக ஒரு காரியம் இருப்பதாக இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முன்னால் எங்களில் யாருக்கும் தெரியாது. காட்டுப்பாக்கத்தில் எங்கள் சேரி ரோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் ஆட்கள் கூலிக்குப் போகும் நஞ்சை அந்தப் பக்கம். நடுவில் பூந்தமல்லியிலிருந்து போரூருக்குப் போகும் ரோடு. அதில் மாட்டு வண்டிகள் போகும். எப்போதாவது ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும். ஆடு எப்படிக் கடக்குமோ அப்படித்தான் நாங்களும் கடந்தோம். பேசிக்கொண்டே, தலையில் சுமையோடு, வேண்டுமானால் நடு ரோட்டில் நின்று காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு.

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. லாரிகள் ஒன்று இரண்டாக வரவில்லை, வரிசையாக வந்தன. ஒன்றன் வால் மறைவதற்குள் அடுத்ததன் மூக்கு தெரியும். இதற்குக் கான்வாய் என்று பெயர் என்பதைப் பூந்தமல்லி டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்று வயல் பக்கத்துப் புளிய மரங்களை வெட்டித் தள்ளினார்கள். எங்கள் பக்கத்து மரங்களை விட்டுவைத்து, அடிமரத்தில் வெள்ளைப் பட்டை அடித்தார்கள். பிறகு ஒரு நாள் ரோட்டு ஓரத்தில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று சுண்ணாம்பு பூசிய கற்களை நட்டுவிட்டு, இனிமேல் ஜனங்கள் இந்தக் கற்களுக்கு நடுவேதான் போக வேண்டும், வேறு எங்கேயும் இறங்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயை நிறுத்தினார்கள்.

அவனுக்கு என் வயதுதான் இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து உரிந்து, புதுத் தோலும் சிவந்து, பார்க்கவே எரிச்சலாக இருக்கும். கையில் ஒரு குச்சி, கழுத்தில் ஒரு விசில். லாரி வரிசையில் இடைவெளி வந்தால் விசில் ஊதி எங்களை விடுவான். அடுத்த வரிசை தெரிந்தால் மறுபடி ஊதி நிறுத்துவான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அவன் விசில் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கேட்டது. மற்றபடி கையால்தான் பேசுவான். அந்தக் கை எங்களுக்குப் பிடிபடவே இல்லை. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை விசிறுவான். வா என்கிறான் என்று எங்கள் ஆட்கள் இரண்டடி வைப்பார்கள். அவன் முகம் சிவந்து இன்னும் வேகமாக விசிறுவான். இவர்களும் இன்னும் வேகமாகப் போவார்கள்.

"கூப்புடவும் கூப்புடறான், திட்டவும் திட்றான். இவன் இன்னா மாமியாரா?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. எங்கள் தெருவில் வாய்க்குப் பெயர்போனவள் அவள்தான்.

வேறு சில சமயம் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி விரல்களை மடக்கி மடக்கி நீட்டுவான். அப்போது ஒருவரும் அசைய மாட்டார்கள். ஒரு நாள் அத்தை போய் அந்தக் கையில் மடியிலிருந்த வேர்க்கடலையில் ஒரு பிடி வைத்துவிட்டு வந்தாள். அவன் கடலையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "பாவம், பட்டாளத்துல வயித்துக்குப் போடமாட்டானுவோ போல கீது" என்று அத்தை சொன்னதைக் கேட்டு அன்றைக்குச் சிரிக்காதவர்கள் இல்லை.

எங்களுக்கு ரோடு அடைபட்டதற்கு இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி எங்கள் காலிலேயே இருந்தது.

ஊர்க்காரர்கள், அதாவது நிலம் வைத்திருக்கும் பெரிய வீட்டு ஆட்கள், எதிரே வந்தால் எங்கள் ஆட்கள் ரோட்டை விட்டு இறங்கி ஓரத்துப் பள்ளத்தில் நிற்பார்கள். ஆண்கள் தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் தாண்டிப் போன பிறகுதான் ஏறுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, நடை பழகும்போதே பழகிவிடுவது. ரோடு காலியாகக் கிடந்த காலத்தில் நின்றால் நின்றதுதான், அப்புறம் போய்க்கொள்ளலாம். இப்போதோ இருந்தது ஒரே வழி, அந்தக் கற்களுக்கு நடுவே. திறந்திருந்ததும் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் முதலில் பெரிய வீட்டுக்காரர்கள் போக வேண்டும், அவர்கள் வண்டி போக வேண்டும், வண்டிக்குப் பின்னால் அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டி போக வேண்டும். எங்கள் ஆட்கள் பள்ளத்திலிருந்து ஏறும்போது அடுத்த கான்வாய் வந்து நிற்கும். சிப்பாய்க்கு இந்த வரிசை எதுவும் தெரியாது. விட்டால் போகாமல் நின்றுவிட்டு, நிறுத்தினால் ஓடி வருகிறார்களே என்று அவன் தலையில் அடித்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

என் அக்காளுக்கு அப்போது கைக்குழந்தை. தவழ ஆரம்பித்திருந்தான். அக்காள் புருஷன், என் மாமா, பட்டாளத்துக்கு ரோடு போடும் கூலியாகச் சேர்ந்து அசாம் பக்கம் போயிருந்தார். அவரிடமிருந்து சேதி வருமா வராதா என்பதே தெரியாது. நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, இருமல் வந்து கனமான வேலை நின்றுபோயிருந்தது. எனவே அக்காள் களையெடுக்கப் போனால்தான் வீட்டில் உலை. வயலில் நிழல் இல்லை, தூளி கட்ட ஒரு மரம் இல்லை. பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுக் காலையில் போவாள். மத்தியானம் வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். நான் பூந்தமல்லிக்கு நடந்து நடந்து பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டை ஒன்றைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். எங்கள் வம்சத்தில் முதல் முதலில் எழுத்துப் படித்தவன் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அத்தை சொல்லாத நாள் கிடையாது.

கான்வாய் வந்த பிறகு அக்காள் மத்தியானம் வருவது தள்ளித் தள்ளிப் போயிற்று. சில நாள் வரவே முடியாமல் ரோட்டோரம் நின்றுவிட்டுக் களைக்கே திரும்பிவிடுவாள். ஆகவே நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போக ஆரம்பித்தேன். வழி கிடைத்ததும் ஓடி வந்து அங்கேயே கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று.

அந்த நாளும் அப்படித்தான் போனேன். நைனாவும் கூட வந்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பள்ளத்தில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மேலே, புளிய மரத்து நிழலில், நிலத்துக்காரர் குடையோடு நின்றிருந்தார். எங்கள் ஆட்களுக்கு அவர் ஆண்டை. களையெடுப்பைப் பார்க்க அந்தப் பக்கம் போக வேண்டியவர். அவருக்குப் பின்னால் அவர் வீட்டு வில்வண்டி. எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் பெண்கள் கூட்டம், முழங்கால் வரை சேறு. அக்காளைச் சட்டென்று கண்டுகொண்டேன். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். பால் கட்டிப்போனால் அப்படித்தான் நிற்பாள்.

பிள்ளையும் கண்டுகொண்டான். லாரிக்கும் லாரிக்கும் நடுவே அவள் முகம் தெரியும்போது கையை நீட்டிக் குதிப்பான். லாரி மறைத்ததும் அழுவான். மறுபடி தெரிந்தால் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரிக்கப் பார்ப்பான். பிறகு சிரிப்பது நின்றுவிட்டது. தலையைப் பின்னால் எறிந்து கத்த ஆரம்பித்தான். என் கழுத்தைச் சப்பிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் இன்னும் கத்தினான்.

ஒரு இடைவெளி வந்தது. சிப்பாய் விசில் ஊதினான். எங்கள் ஆட்கள் பள்ளத்திலேயே நின்றார்கள், எதிர்ப்பக்கத்துப் பெண்களும் நின்றார்கள். வில்வண்டி ரோட்டில் ஏறியது. ஆண்டை வண்டிக்குப் பின்னால் நடக்க ஒரு காலை எடுத்து வைத்தார். நடு ரோட்டில் மாடு என்ன நினைத்ததோ, நின்றுவிட்டது. வண்டிக்காரன் வாலை முறுக்கினான், கெஞ்சினான், திட்டினான். அது சாவகாசமாகச் சாணி போட்டுவிட்டு ஒரு வழியாக நகர்ந்தது. வண்டி அக்கரை சேர்ந்தபோது விசில் ஊதியாகிவிட்டது. ஆண்டை காலை எடுத்துக்கொண்டு நிழலுக்குத் திரும்பினார். லாரிகள் வந்துவிட்டன.

எதிர்ப்பக்கமிருந்து அத்தையின் குரல் லாரிச் சத்தத்தையும் மீறி வந்தது. "டேய் வெள்ளச் சட்டக்காரா! இங்கிலீசு படிச்சிகீறியே, எதுக்கு? தொரகிட்ட கேளேன்டா! கொயந்த தொண்ட கியியக் கத்துது, பாத்துகினு நிக்கறியே!"

"வாணாம்டா. கைல குச்சி வச்சிகீறான்" என்று நைனா என் சட்டையைப் பிடித்தார்.

கேட்கலாம் என்று எனக்கும் தோன்றியதுதான். எனக்கு இங்கிலீஷில் செய்யுள் தெரியும். இலக்கணத்தில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறேன். இந்தக் குழந்தையின் தாய் அந்தப் பக்கம் நிற்கிறாள், அவளைக் கடக்க விடுங்கள் என்பதற்கு வேண்டிய சொல் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். ஆனால் அவன் முன்னால் போய் நின்று, அவன் அந்த உரிந்த மூக்கைத் திருப்பி என்னைப் பார்த்தபோது, அத்தனை சொல்லும் எங்கோ போய் ஒளிந்துகொண்டன. வாயில் வந்தது ஒன்றே ஒன்று. அனுமதி கேட்பதற்கு என்று பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்லிப் பழகிய ஒரே வாக்கியம்.

"மே ஐ கோ அவுட், சார்?"

வகுப்பில் அதை எதற்குக் கேட்போம் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சிப்பாயும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவன்தானே. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாக, எங்களுக்குப் பின்னால் இருந்த பனங்கருக்குப் புதரைக் குச்சியால் காட்டினான்.

"இன்னாடா சொல்றான்?" என்றார் நைனா.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எப்படிச் சொல்வேன்? அதற்குள் எதிர்ப்பக்கத்துப் பெண்கள், பேச்சு நடக்கிறது, ஏதோ முடிவாகப் போகிறது என்று பள்ளத்திலிருந்து ஏறிக் கல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். சிப்பாய் திரும்பினான். லாரிகளுக்கு மேலே கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை விசிறினான்.

அப்போது நான் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். அவன் கை போகும் திசையிலேயே என் கண்ணும் போயிற்று. நாங்கள் வா என்று கூப்பிடும்போது விரல்கள் எங்கள் பக்கம் இழுக்கும். அவன் விரல்கள் வெளியே தள்ளின. இத்தனை நாளும் அவன் போ, பின்னால் போ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அத்தை கடலை வைத்தாளே, அந்தக் கைதான் வா என்றிருக்கிறது. எதிரே நிற்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

"யக்கா, வராத!" என்று கத்தினேன். லாரிச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

அக்காள் இறங்கிவிட்டாள். ஒரு லாரி தாண்டியதும் அதன் வாலை ஒட்டியே ரோட்டில் இறங்கினாள். தயங்கவில்லை. தம்பி கேட்டான், துரை கூப்பிடுகிறான், அப்புறம் என்ன பயம் என்பதுபோல நேராக நடந்தாள். அடுத்த லாரிக்காரன் பிரேக்கில் ஏறி நின்றிருக்க வேண்டும். பட்டையாய்ப் புகை வந்தது. லாரி வழுக்கிக் கோணிக்கொண்டு, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின்னால் ஒவ்வொரு லாரியாகக் கிரீச்சிட்டு நின்றன. அக்காள் நடு ரோட்டில், லாரியின் மூக்குக்கு முன்னால், முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நின்றாள். வலது பக்கம் சூடான இரும்பு, இடது பக்கம் அப்போதுதான் போன லாரியின் புழுதி. அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்ததை லாரிக்காரன் முதல் எல்லாரும் பார்த்தார்கள்.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டான்.

பிறகு எதிர்ப்பக்கத்துப் பெண்கள் மொத்தமாக ஓடி வந்தார்கள், அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று. அதைக் கண்டு இந்தப் பக்கத்துப் பள்ளத்தில் நின்றவர்களும் ஏறி ஓடினார்கள். யாரும் ஆண்டையைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, அவர் குடையை இடித்துக்கொண்டு, இரண்டு பக்கத்து ஆட்களும் நடு ரோட்டில் கலந்தார்கள். லாரிகள் நின்றிருந்ததால் ரோடு முழுக்க எங்கள் ஆட்கள்தான் இருந்தார்கள். அத்தை அக்காளைத் தோளோடு அணைத்து இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தாள். ஆண்டையைக் கடக்கும்போது இவர்கள் காலிலிருந்த சேறு அவர் வேட்டியில் நீளமாகக் கோடு போட்டது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

அக்காள் சுண்ணாம்புக் கல்லின் மேலேயே உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். சிப்பாய் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேவையில்லாமல் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிள்ளை மூச்சு விடாமல் குடித்தான்.

"நீ கேட்டுக்கினே இருந்த, அவன் திரும்பிக் கூப்ட்டான்" என்றாள் என்னிடம். "நீ எனக்கோசரம் கேட்டு வாங்கிக் குடுத்துட்டேன்னு நெனச்சேன்டா."

நான் அவள் காலில் ஒட்டியிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஆள் வந்தது. நைனாவை ஆண்டை களத்துக்கு வரச் சொன்னார், படித்த பிள்ளையையும் கூட்டி வரச் சொன்னார். களத்து மேட்டில் அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி மாற்றியிருந்தார். நாங்கள் கீழே நின்றோம்.

"வாடா. ஒம் புள்ளயும் வந்துகீறானா, நல்லது. படிச்சவன், சொன்னாப் புரிஞ்சுக்குவான்" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "என் வேட்டியப் பத்தி நான் பேசல. அது தொவச்சாப் பூடும். ஒம் பொண்ணு இன்னிக்கி லாரில அடிபட்டுச் செத்துருந்தா யாரு பதில் சொல்றது? என் வேலைக்கு வந்தவ. நான்தானே சொல்லணும்? அதனால சொல்றேன். கைக்கொழந்தக்காரிங்க யாரும் இனிமே அந்தாண்ட வேலைக்கு வர வாணாம். மத்தவங்க எப்பவும்போல நின்னு, நிதானமா, பின்னால வாங்க. இன்னிக்கிப் பண்ண மாதிரி முண்டியடிச்சிக்கினு வந்தா ஆபத்துதான்."

"ஆவட்டுங்க ஆண்டே" என்றார் நைனா.

நான் ஒரு யோசனையோடு போயிருந்தேன். வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாக அடுக்கி வைத்திருந்தேன். சொன்னேன். இடைவெளி கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, ஒருவர் பின்னால் ஒருவராக நின்றால் பின்னால் நிற்பவர்களுக்கு வழியே கிடைப்பதில்லை, எல்லாரும் ஒன்றாகக் கடந்தால் எல்லாருக்கும் நேரம் போதும், யாரும் ஓட வேண்டியதில்லை, யாருக்கும் ஆபத்தும் இல்லை. தமிழில் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தது.

அவர் கடைசி வரை கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"செரி, நல்லாத்தான் சொல்ற. எல்லாம் ஒண்ணாப் போலாம். ஒண்ணாப் போனா, நீ எனக்கு எந்தப் பக்கம் நடப்பே? சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா? அதையும் சொல்லிட்டுப் போ."

பக்கத்தில் நின்ற ஆட்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நைனா என் முழங்கையைத் தொட்டார். அந்தத் தொடுதலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நாங்கள் திரும்பி வந்தோம்.

ரோட்டைத் தாண்டினால்தான் வேலை. கைக்குழந்தை இருந்தால் தாண்டக் கூடாது. இந்தப் பக்கம் எங்களுக்கு வேலை கொடுக்கிறவர் யாரும் இல்லை. பட்டாளத்துக் கட்டட வேலைக்கு ஆவடி போகலாம் என்றால் விடியற்காலை போய் இருட்டித்தான் வர முடியும். அதற்கும் இதே ரோடுதான். நான் எந்தப் பக்கமாக யோசித்தாலும் அந்தச் சுண்ணாம்புக் கல்லில் வந்து முட்டிக்கொண்டேன். அக்காள் யோசித்ததாகவே தெரியவில்லை. சோறு வடித்தாள், பிள்ளையைத் தூங்க வைத்தாள், படுத்துவிட்டாள்.

விடிந்ததும் அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டது. காரத்துக்கு ஏது மிளகாய் என்று எழுந்து பார்த்தேன். வேப்பிலை அரைத்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுதை விரலில் வழித்து ரவிக்கைக்குள் பூசிக்கொண்டாள்.

"இன்னும் பல்லுகூட மொளைக்கலயே யக்கா" என்றேன்.

"கையில இருந்தாத்தான கைக்கொயந்த? பால் மறந்துட்டான்னு சொல்லிக்கினா வேலைக்கு வராதன்னு எப்டிச் சொல்லுவாரு?"

பிள்ளை எழுந்து தவழ்ந்து வந்தான். வழக்கம்போல மடியில் ஏறி, முந்தானையை விலக்கி, வாயை வைத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயை எடுத்தான். அக்காள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான், இது நீதானா என்று கேட்பதுபோல. பிறகு மற்றப் பக்கம் போனான். அங்கேயும் கசப்பு. பச்சை எச்சில் மோவாயில் வழிய, அழாமல், திரும்பவும் முதல் பக்கம் வந்தான்.

"பாருடா இவன, கசந்தாலும் உடமாட்டேன்றான்" என்று அக்காள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அவனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேழ்வரகுக் கஞ்சியைச் சங்கில் புகட்டக் கற்றுக்கொண்டேன். சில நாளில் அவன் அவள் மடியில் ஏறி முகத்தை மட்டும் தடவிவிட்டு இறங்கப் பழகிவிட்டான். அக்காள் மறுபடி களையெடுக்கப் போனாள். ஆண்டை ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டில் எப்போதும்போலப் பள்ளத்தில் நின்று, பெரிய வீட்டுக்காரர்கள் போன பின், கடைசியாகப் போனாள். மத்தியானம் அவள் ரோட்டுக்கு வருவது இல்லை. மார்பு கட்டிக்கொண்டு வலித்தால் வரப்பு மறைவில் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சி வயல் தண்ணீரில் விட்டுவிடுகிறாள் என்று அத்தை சொன்னாள். எந்தக் கேலியும் இல்லாமல் அத்தை எனக்குச் சொன்ன சேதி அது ஒன்றுதான்.

மத்தியான வேளை வந்தால் மட்டும் பிள்ளை கஞ்சி குடித்த பிறகும் அழுவான். வாசல் பக்கம் கையை நீட்டுவான். நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் போகாமல், சேரிக்குப் பின்னால் ஏரிக்கரைப் பக்கமாக நடப்பேன். லாரிச் சத்தம் அங்கேயும் கேட்டது.